பெயரிலே பந்தயம்

ஆதம்பாக்கத்தில் கருணீகர் தெருப் பக்கம் மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கும் ஒரு கொட்டகை இருக்கிறது. மாலை ஐந்து மணிக்கு மேல் அங்கே பள்ளிப் பிள்ளைகள் நாலைந்து பேர் கூடிவிடுவார்கள். வண்டி ஓட்டும் வயது யாருக்கும் ஆகவில்லை. ஆனால் எந்த வண்டி எத்தனை குதிரைத் திறன் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். என் வண்டிக்கு ஆயில் மாற்றும் வரையில் நானும் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து அவர்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

அன்றைக்கு ஒரு பையன் கேட்டான். “சார், வண்டிமேல ஆர்.ஆர்.னு போட்டிருக்கே, அப்படின்னா என்ன?” நான் வாய் திறப்பதற்குள் இன்னொருவன், “ரேஸ் ரெப்ளிகா!” என்றான். “சரிடா தம்பி, எந்த ரேஸ்?” என்று கேட்டேன். பதில் இல்லை. பக்கத்தில் ஒரு பழைய புல்லட் நின்றது. “இதில் 350 என்று எழுதியிருக்கிறதே, அது என்ன?” “சி.சி. சார்.” “ஏன் 350? ஒரு 340, ஒரு 365 என்று வைத்திருக்கக் கூடாதா?” மெக்கானிக் அண்ணன் உட்பட எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நண்பர்களே, அந்தக் கேள்விக்கு உரிய பதிலையும், அதோடு சேர்த்து என் சொந்த அபிப்பிராயம் ஒன்றையும் இங்கே எழுதுகிறேன். அபிப்பிராயத்தை நீங்கள் ஏற்க வேண்டியதில்லை. கணக்கை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் சி.சி. என்பது என்ன? கன சென்டிமீட்டர். எஞ்சினுக்குள் பிஸ்டன் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகும்போது எவ்வளவு இடத்தைத் துடைத்துக்கொண்டு போகிறதோ, அந்தக் கன அளவு. பழைய புல்லட்டின் சிலிண்டர் விட்டம் 70 மில்லிமீட்டர். பிஸ்டன் போய்வரும் தூரம், அதாவது வீச்சு, 90 மில்லிமீட்டர். எட்டாம் வகுப்பில் படித்த உருளையின் கன அளவுதான். ஆரம் 3.5 செ.மீ., உயரம் 9 செ.மீ. பெருக்கிப் பார்த்தால் 346 வரும். ஆக, 350 என்று எழுதியிருந்தாலும் உள்ளே இருப்பது 346. இப்போது வரும் புதிய எஞ்சினில் விட்டம் 72, வீச்சு 85.8, கன அளவு 349. எல்லாம் 350-ஐ நெருங்கி நிற்கின்றன; ஆனால் ஒன்றாவது 351-க்குப் போகவில்லை. பாட்டி கோலம் போட்டால் கோட்டுக்கு வெளியே மாவு சிந்தாதே, அதுபோல. அப்படியானால் 350 என்பது ஏதோ ஒரு கோடு என்று ஊகிக்கலாம். அந்தக் கோட்டைக் கிழித்தவர் யார்?

இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவே மான் தீவு என்று ஒரு சிறிய தீவு. அங்கே 1907-இல் ‘டூரிஸ்ட் டிராஃபி’ என்னும் மோட்டார் சைக்கிள் பந்தயம் தொடங்கியது. பெயரைக் கவனியுங்கள்: சுற்றுப்பயணக் கோப்பை. பந்தயத்துக்கென்றே செய்த அசுர வண்டிகளுக்கு இடமில்லை; சாதாரண மனிதன் கடையில் வாங்கிப் பயணம் போகக்கூடிய வண்டிகள்தான் ஓட வேண்டும் என்பது நோக்கம். முதல் ஆண்டில் விதி வேடிக்கையானது. ஒற்றைச் சிலிண்டர் வண்டி ஒரு காலன் பெட்ரோலுக்கு 90 மைலாவது ஓடவேண்டும், இரட்டைச் சிலிண்டர் 75 மைலாவது ஓடவேண்டும் என்று வைத்திருந்தார்கள். பிறகு அதையெல்லாம் விட்டு எஞ்சினின் கன அளவைப் பிடித்துக்கொண்டார்கள். 1912-இல் பெரியவர் பிரிவு 500 சி.சி., இளையவர் பிரிவு 350 சி.சி. என்று வகுத்தார்கள். இங்கே ‘இளையவர்’ என்றது ஓட்டுபவரை அல்ல, எஞ்சினை! 1949-இல் உலகச் சாம்பியன் போட்டி தொடங்கியபோதும் 500, 350, 250, 125 என்ற பிரிவுகளே வந்தன. கம்பெனிகள் இந்தக் கோடுகளுக்குள் அடங்குமாறு எஞ்சின் செய்தன. பந்தயத்தில் ஒரு சி.சி. கூடினாலும் தள்ளுபடி, பத்து சி.சி. குறைந்தால் தோல்வி. ஆகவே எல்லோரும் கோட்டை ஒட்டியே நின்றார்கள்.

‘எஞ்சினை எடை போட்டுப் பிரித்திருக்கலாமே?’ என்று உங்களில் ஒருவர் கேட்கலாம். அதையும் செய்து பார்த்தார்கள். 1902-இல் கார்ப் பந்தயங்களுக்கு ஒரு விதி வந்தது: வண்டியின் எடை 1000 கிலோகிராமுக்கு மேல் போகக்கூடாது. என்ன நடந்தது தெரியுமா? எஞ்சினைப் பத்து லிட்டருக்கு மேல் பெரிதாக்கிக்கொண்டு, எடையைச் சட்டத்திலும் சக்கரத்திலும் குறைத்தார்கள். சோனிக் கழுதையின்மேல் அம்மிக்கல்லை ஏற்றியதுபோல. 1903-இல் பாரிசிலிருந்து மாட்ரிட் நகருக்குப் புறப்பட்ட பந்தயத்தில் ஓட்டுநர்களும் வேடிக்கை பார்த்தவர்களும் பலர் இறந்தார்கள். பிரெஞ்சு அரசாங்கம் பந்தயத்தை போர்தோ நகரிலேயே நிறுத்திவிட்டது. விதி எதை அளக்கிறதோ அதற்கேற்பத்தான் இயந்திரம் வளரும். தேர்வு எதைக் கேட்கிறதோ அதைத்தானே நீங்களும் படிக்கிறீர்கள்!

கன அளவை அளப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. எஞ்சின் என்பது மூச்சு விடும் இயந்திரம். ஒரு லிட்டர் காற்றின் நிறை ஏறக்குறைய 1.2 கிராம். 350 சி.சி. எஞ்சின் ஒரு முழு மூச்சுக்கு சுமார் 0.42 கிராம் காற்றை இழுக்கும். ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய பதினைந்து பங்கு காற்று வேண்டும். ஆகவே ஒரு மூச்சுக்கு அது எரிக்கக்கூடிய பெட்ரோல் 0.03 கிராமுக்கும் சற்றுக் குறைவு. தொட்டியில் எத்தனை லிட்டர் இருந்தாலும் அதற்கு மேல் எரிக்க முடியாது. கன அளவு என்பது, ஒரு மூச்சில் எவ்வளவு சக்தியை வெளிப்படுத்தலாம் என்பதற்கு இயற்கை வைத்த உச்சவரம்பு. ஒரு அளவுகோலும் காகிதமும் இருந்தால் எவரும் சோதித்துவிடலாம் என்பது இன்னொரு வசதி.

ஆனால் மனிதன் சும்மா இருப்பானா? மூச்சின் அளவைக் கூட்டக்கூடாது என்றால் மூச்சின் எண்ணிக்கையைக் கூட்டினான். ஹோண்டா கம்பெனி வெறும் 250 சி.சி.யை ஆறு சின்னஞ்சிறு சிலிண்டர்களாகப் பிரித்து, நிமிடத்துக்கு ஏறக்குறைய 18,000 சுற்றுச் சுற்ற வைத்து, 1966-இல் உலகப் பட்டம் வாங்கியது. நம் நாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. 1983 முதல் எஸ்கார்ட்ஸ் கம்பெனி இங்கே செய்த ராஜ்தூத் 350 வண்டியின் கன அளவு 347. புல்லட்டுக்கும் அதற்கும் ஒரே ஒரு சி.சி. வித்தியாசம். புல்லட் தந்தது சுமார் 18 குதிரைத் திறன். இரட்டைச் சிலிண்டரும் இரு வீச்சு எஞ்சினும் கொண்ட ராஜ்தூத் தந்தது சுமார் 30. எனவே எண்ணை மட்டும் பார்த்து வேகத்தைச் சொல்லிவிட முடியாது. எண் சொல்வது பிரிவை. அதில் முதல் மதிப்பெண் யாருக்கு என்பது வேறு கதை.

இங்கே ஒரு சிறு விலகல். ‘ஃபார்முலா ஒன்’ என்றால் ஏதோ சமன்பாடு என்று கல்லூரியில் கூடச் சில பிள்ளைகள் நினைக்கிறார்கள். அந்தச் சொல்லுக்கு அங்கே ‘எழுதிவைத்த விதித் தொகுப்பு’ என்றுதான் பொருள். ஆனால் 1950-இல் உலகப் போட்டி தொடங்கியபோது இருந்த விதி உண்மையிலேயே ஓர் இயற்பியல் கணக்குத்தான். சாதாரண எஞ்சின் என்றால் 4.5 லிட்டர் வரை. காற்றை அழுத்தித் திணிக்கும் கருவி பொருத்தியிருந்தால் 1.5 லிட்டர் வரை. திணிக்கும் கருவி மூச்சை மூன்று மடங்காக்கும் என்று கணித்து, அதற்கு ஈடாகக் கன அளவை மூன்றில் ஒன்றாகக் குறைத்தார்கள்.

சரி, 350-க்கு வருவோம். உலகப் போட்டியில் 350 பிரிவு 1982-ஆம் ஆண்டோடு முடிந்துவிட்டது. பெற்றெடுத்த பந்தயம் போய்ச் சேர்ந்து நாற்பது ஆண்டுக்கு மேலாகிறது. ஆனால் 1955 முதல் திருவொற்றியூரிலும், பிறகு ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் செய்யப்பட்ட வண்டிகளின் மேல் அந்த எண் சுகமாக வாழ்ந்துகொண்டிருக்கிறது. அது மட்டுமா? 2017-இல் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது 350 சி.சி.க்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிள்களுக்குக் கூடுதல் தீர்வை போட்டார்கள். 2025 செப்டம்பர் 22 முதல், 350 வரைக்கும் வரி 18 சதவீதம், அதற்கு மேல் 40 சதவீதம். அரசாங்கம் 350-இல் கோடு போட்டதற்குக் காரணம், சந்தையில் வண்டிகள் அந்த இடத்தில் கூட்டமாக நிற்பது என்றே நான் எண்ணுகிறேன். அவை அங்கே நிற்பதற்குக் காரணம் 1912. மான் தீவில் யாரோ போட்ட கோடு உங்கள் அப்பா வாங்கும் ரசீதில் வந்து விழுகிறது!

எல்லா எண்களும் பந்தயத்தில் பிறந்தவை என்று நினைத்துவிடாதீர்கள். தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த எண் வண்டி எது? டி.வி.எஸ். 50. ஓசூரில் 1980-இல் பிறந்த அந்த மொபெட்டின் பெயர் ஊர் வழக்கில் எல்லா மொபெட்டுக்கும் பெயராகிவிட்டது. கீரைக்காரர் 100 சி.சி. வண்டியில் வந்தாலும் எங்கள் தெருவில் அது ‘டி.வி.எஸ். ஃபிஃப்டி’தான். இந்த 50 வந்த பாதை தலைகீழ். உலகப் போருக்குப் பிறகு ஐரோப்பிய நாடுகள் பல, 50 சி.சி.க்கு உட்பட்ட வண்டிகளுக்கு உரிமச் சலுகை கொடுத்தன. வண்டிகள் பெருகின. வண்டி இருந்தால் பந்தயம் வராமல் இருக்குமா? 1962-இல் 50 சி.சி.க்கும் உலகப் போட்டி வந்து 1983 வரை நடந்தது. நம் மோட்டார் வாகனச் சட்டத்திலும் அந்த ஐம்பது உண்டு. பதினாறு வயதில் உரிமம் பெற்று ஓட்டலாம் என்பது 50 சி.சி.க்கு மேற்படாத மோட்டார் சைக்கிளுக்கு மட்டுமே. ‘பதினாறு ஆகிவிட்டது, அண்ணன் வண்டியை எடுக்கிறேன்’ என்பவர்கள் இதைக் கவனிக்கவும்.

எண்களின் கதை இவ்வளவு. எழுத்துக்களின் கதை இத்தனை யோக்கியமானது அல்ல.

ஜி.டி. என்ற இரண்டு எழுத்தைப் பாருங்கள். இத்தாலிய மொழியில் ‘கிரான் டூரிஸ்மோ’, அதாவது நெடும்பயணம். இரண்டு பேர் பெட்டி படுக்கையோடு வேகமாக நாடு கடந்து போவதற்கான கார். பின்னால் இவ்வகைக் கார்களுக்கென்றே பந்தயப் பிரிவு ஏற்பட்டது. அந்தப் பிரிவில் சேர ஒரு நிபந்தனை: குறிப்பிட்ட எண்ணிக்கையில் அதே கார் செய்யப்பட்டிருக்க வேண்டும். 1962 அளவில் அது நூறு கார். நிபந்தனை நிறைவேறியது என்று பந்தய அதிகாரிகள் ஒப்புக்கொண்டால் அந்தக் கார் ‘ஒமொலொகாத்தோ’, அதாவது அங்கீகாரம் பெற்றது. ஃபெராரி கம்பெனியின் 250 ஜி.டி.ஓ. காரில் உள்ள ‘ஓ’ அதுதான். 250 என்பது ஒரு சிலிண்டரின் கன அளவு. பன்னிரண்டு சிலிண்டர், மொத்தம் மூன்று லிட்டர். எண்ணும் எழுத்தும் சேர்ந்து ஒரு முழு வாக்கியத்தையே சொல்கின்றன அல்லவா? ஆனால் வேடிக்கை பாருங்கள். நூறு செய்யவேண்டிய இடத்தில் ஃபெராரி செய்தது நாற்பதுக்கும் குறைவு. ‘இது புதிய கார் அல்ல, எங்கள் பழைய ஜி.டி.யின் திருத்திய வடிவம்’ என்று வாதாடி அங்கீகாரம் வாங்கிவிட்டார்கள். தன் பெயரிலேயே சான்றிதழ் சுமந்த கார், அந்தச் சான்றிதழைச் சற்று வளைந்த வழியில் வாங்கியது.

அதற்காவது ஒரு சான்றிதழ் இருந்தது. 1964-இல் அமெரிக்காவின் பான்டியாக் கம்பெனி தன் சாதாரணக் கார் ஒன்றில் 6.4 லிட்டர் எஞ்சினைப் பொருத்தி ‘ஜி.டி.ஓ.’ என்று பெயர் வைத்தது. எந்தப் பந்தய அதிகாரியும் அதை அங்கீகரிக்கவில்லை. மூன்று எழுத்தையும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். முதல் ஆண்டிலேயே முப்பதாயிரத்துக்கும் மேல் விற்றது. 1969-இல் அதே கம்பெனி ‘டிரான்ஸ் ஆம்’ என்று ஒரு கார் வெளியிட்டது. அமெரிக்காவில் அந்தப் பெயரில் ஒரு பந்தயத் தொடர் இருந்தது. பெயருக்காக ஒரு காருக்கு ஐந்து டாலர் வீதம் பந்தயச் சங்கத்துக்குக் கொடுத்தார்கள். அந்தப் பந்தயத்தில் எஞ்சின் ஐந்து லிட்டருக்கு மேல் போகக்கூடாது. அந்தக் காரின் எஞ்சினோ 6.6 லிட்டர். தான் கலந்துகொள்ள முடியாத பந்தயத்தின் பெயரைச் சூட்டிக்கொண்டு ஒரு கார்! எம்.பி.பி.எஸ். படிக்காமல் பலகையில் டாக்டர் என்று போட்டுக்கொண்டால் போலீஸ் வரும். கார்களுக்கு அப்படி ஒரு போலீஸ் இல்லை.

நம் ஊரில் இந்தப் பாதையும் தலைகீழாகப் போயிருக்கிறது. எனக்குப் பிடித்த பகுதி இதுதான். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று உண்டு. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல ஆண்டுகள் அங்கே பந்தயம் நடத்தியது. உங்கள் தாத்தாக்களில் சிலர் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போய்ப் பார்த்திருப்பார்கள். பிறகு ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரப் பந்தயத் தடம் 1990-இல் வந்தது. அந்தக் காலகட்டத்தில் கோயம்புத்தூரைச் சேர்ந்த எஸ். கரிவரதன் என்பவர், மாருதி 800 காரின் எஞ்சினை வைத்துச் சிக்கனமான ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கினார். கன அளவு 796 சி.சி. பிரிவின் பெயர் ‘ஃபார்முலா மாருதி’. அம்மா காய்கறி வாங்கப் போகும் காரின் பெயரைப் பந்தயப் பிரிவு இரவல் வாங்கியது! வெளிநாட்டிலும் ‘ஃபார்முலா ஃபோர்டு’ என்று 1967 முதல் இருப்பதுதான். ஆனாலும் காசில்லாத நாட்டில் இளைஞர்கள் பந்தயம் கற்க ஒரு வாசல் திறந்ததே, அது பெரிய காரியம். கரிவரதன் 1995-இல் விமான விபத்தில் காலமானார். கோவைக்கு அருகே செட்டிபாளையத்தில் உள்ள தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இனி என் அபிப்பிராயம். இன்று நம் சாலைகளில் ஓடும் வண்டிகளில் ஆர் என்ற எழுத்து இல்லாதது அபூர்வம். டி.வி.எஸ். அப்பாச்சியின் ஆர்.டி.ஆர். என்பதற்கு விரிவு ‘ரேசிங் திராட்டில் ரெஸ்பான்ஸ்’. கைப்பிடியைத் திருகினால் எஞ்சின் பந்தய வண்டிபோல உடனே பதில் சொல்லும் என்று பொருள். 2017-இல் வந்த ஆர்.ஆர். 310-இன் ஆர்.ஆர்., அந்தப் பையன் சொன்னதுபோல, பந்தய வண்டியின் நகல். அந்த வண்டியைக் கொண்டு இருங்காட்டுக்கோட்டையில் உண்மையாகவே பந்தயம் நடத்துகிறார்கள் என்பதையும் சொல்லவேண்டும். மற்றக் கம்பெனிகளிலும் இத்தகைய எழுத்துக்கள் ஏராளம். நான் இவற்றைப் பொய் என்று சொல்லவில்லை. ஆனால் 350 என்று எழுதினால் அளவுகோல் வைத்துச் சரிபார்க்கலாம். ஆர் என்று எழுதினால் எதை வைத்துச் சரிபார்ப்பது? ஒரு பந்தயப் பிரிவின் பெயரை வைக்கிறவர்கள், எந்தப் பிரிவு, எந்த ஆண்டு விதி, இந்த வண்டி அதில் எந்த அளவுக்கு மாற்றாமல் ஓடலாம் என்று விளம்பரத்தின் ஓரத்திலாவது அச்சிட வேண்டும் என்பது என் கட்சி. மருந்துச் சீட்டில் உள்ளே என்ன இருக்கிறது என்று போடுகிறார்களே, அதுபோல.

வெறும் எழுத்துக்காக இத்தனை பேச்சா என்று தோன்றலாம். என்னிடம் இரண்டாம் ஆண்டு படித்த மாணவர் ஒருவர் ஓர் இரவு உள்வட்டச் சாலையில் விழுந்தார். ஐந்து மாதம் வகுப்புக்கு வரவில்லை; இன்னும் இடது காலைச் சற்று இழுத்துத்தான் நடக்கிறார். பார்க்கப் போனபோது அவர் சொன்னது: “ரேஸ் பைக்தானே சார், பிரேக் பிடிச்சா அங்கேயே நின்னுடும்னு நெனச்சேன்.” நன்றாகப் படிக்கிற பிள்ளை. உராய்வுக் கணக்கைத் தேர்வில் பிழையில்லாமல் போட்டவர். வண்டியின் பெயர் அந்தக் கணக்கை அவர் மனத்திலிருந்து அழித்துவிட்டது.

அந்தக் கணக்கை இங்கே போட்டுவிடுவோம். உலர்ந்த நல்ல சாலையில் உராய்வுக் குணகம் 0.8 என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 40 கிலோமீட்டரில் போகும் வண்டி, பிரேக் பிடித்த பிறகு நிற்க ஏறக்குறைய 8 மீட்டர் வேண்டும். 80 கிலோமீட்டர் என்றால் 16 அல்ல. வேகத்தின் வர்க்கம் அல்லவா, சுமார் 32 மீட்டர். கண் பார்த்து, மூளை உணர்ந்து, கை பிரேக்குக்குப் போக ஒரு வினாடி என்றால் அதற்குள் 22 மீட்டர் ஓடியிருக்கும். மொத்தம் 54. மணல் லாரி சிந்திவிட்டுப் போன இடத்தில் குணகம் பாதியாகக் குறைந்தால் மொத்தம் 85 மீட்டர். இந்தச் சூத்திரத்தில் வேகம் இருக்கிறது, புவியீர்ப்பு இருக்கிறது, உராய்வு இருக்கிறது. வண்டியின் பெயருக்கு இடமே இல்லை. நிறைகூட இல்லை, கவனித்தீர்களா?

பந்தயத் தடத்திலும் இதே சூத்திரம்தான். ஆனால் அங்கே எதிரே வண்டி வராது. விழுந்தால் உருண்டு போக வெட்டவெளி உண்டு. கொடி காட்ட ஆள் உண்டு. ஆம்புலன்ஸ் எஞ்சினை ஓடவிட்டு நிற்கும். விதிப் புத்தகத்தில் எஞ்சினுக்கு எத்தனை பக்கமோ அத்தனை பக்கம் இவற்றுக்கும் உண்டு. 2024 ஆகஸ்டு 31, செப்டம்பர் 1 தேதிகளில் தீவுத்திடலைச் சுற்றி நம் நகரத்துச் சாலையிலேயே ஃபார்முலா 4 இரவுப் பந்தயம் நடந்ததே, அப்போதும் சாலையை அடைத்து, இருபுறமும் தடுப்பு வைத்த பிறகே கார்களை விட்டார்கள். பந்தயப் பிரிவின் பெயரை வண்டிமேல் ஒட்டும்போது எஞ்சின் பக்கங்கள் மட்டும் நம் தெருவுக்கு வருகின்றன. மற்றப் பக்கங்கள் தடத்திலேயே நின்றுவிடுகின்றன. என் மனக்குறை அதுதான்.

கொட்டகைப் பையன்களுக்கு அன்று ஒரு கணக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். உங்களுக்கும் தருகிறேன். மெக்கானிக் அண்ணன் அலமாரியில் ஒரு பழைய ஒற்றைச் சிலிண்டர் இருந்தது. அளந்து பார்த்தோம்: விட்டம் 84 மில்லிமீட்டர். அதன் வீச்சு 90 என்று அவர் சொன்னார். இந்த எஞ்சின் இருந்த வண்டியின் மேல் என்ன எண் எழுதியிருக்கும்? மான் தீவின் இரு பிரிவுகளில் இது எதில் ஓடியிருக்கும்? இன்றைய வரி எத்தனை சதவீதம்? காகிதம் பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள்.